நடுவில் விழும் பந்து

ஜுபைல் முகாமில் வியாழன் ராத்திரி.
வலையின் ஒரு முனை சாரக்குழாயில்,
மறு முனை தண்ணி லாரியின் ஏணியில்.
லாரி கிளம்பினால் ஆட்டம் முடிந்தது.

கோச் என்று யாரையும் வைக்கவில்லை.
மெஸ்ஸில் சோறு வடிக்கும் ரோடெல்
மணிலாப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அணியைத் தேற்றியவனாம்.
கரண்டிக் காம்பால் மணலில் கோடு கிழித்தான்,
உள்ளே போய் நின்றோம்.

நான் ஃபோர்மேன். ஆகவே நடுவில்.
எல்லாப் பந்தும் என் பந்து.
இருதயராஜை இடித்துத் தள்ளி எடுத்தேன்,
டேக் பகதூரின் தலைக்கு மேல் தாவி எடுத்தேன்,
எடுத்ததில் பாதி லாரிக்கு அடியில் போனது.
மூன்றாவது வாரம் ரோடெல்
விரலால் வெளியே காட்டினான்.
சோறு போடுகிறவனிடம் வாதாட முடியாது.

கவிழ்த்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்தால்
கால்கள் தெரிகின்றன.
பந்தையே பார்க்கிறவனுக்குத் தெரியாத கால்கள்.
நான் இல்லாத இடத்துக்கு
ஷொஃபிகுல் அரை அடி நகர்கிறான்.
இத்தனை நாள் அந்த அரை அடியில்
நான்தான் நின்றிருக்கிறேன்.

நாங்கள் புள்ளி விட்டதெல்லாம்
ஓங்கி அடித்த பந்தில் அல்ல.
இரண்டு பேருக்கு நடுவே
அவசரமில்லாமல் வந்த பந்தில்.
நீ எடுப்பாய் என்று இவன்,
நீ எடுப்பாய் என்று அவன்,
மணல் எடுத்துக்கொண்டது.

ரோடெல் ஒரே ஒரு விதி போட்டான்:
உன் பந்து என்றால் கத்து.
அன்றிலிருந்து வலைக்கு இந்தப் பக்கம்
மேரோ, ஆமார், மேரா, என்னுது.
மீன் ஏலம் மாதிரி இருந்தது.
பந்து விழுவது குறைந்தது.

ஷட்டவுனின் பதினோராம் நாள்.
எக்ஸ்சேஞ்சர் மூடி, இருபத்து நான்கு போல்ட்,
எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும்.
விடிகாலை மூன்று மணிக்கு அழுத்தம் ஏற்றினோம்.
கேஜ் முள் ஏறியது, நின்றது,
பிறகு கூச்சப்படுகிற மாதிரி இறங்கியது.
வரிசையில் பதினேழாவது போல்ட்.
அதன் ஓரம் ஒரு நீர்க்கோடு.

முன்பெல்லாம் இந்த இடத்தில்
என் தொண்டை வேலை செய்யும்.
எவன்டா இது?
பதில் வராது. ஆறு ஹெல்மெட்டும்
தரையில் எதையோ தேடும்.
யாருக்காவது இரண்டு நாள் சம்பளம் வெட்டுவார்கள்,
போல்ட் யாருடையது என்பது மட்டும்
கடைசிவரை தெரியாது.

இன்று உட்கார்ந்துவிட்டேன்.
நிஜமாகவே ஒரு வாளி கிடந்தது, கிரீஸ் வாளி.
பம்ப் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்:
"ஆமார்."

ஷொஃபிகுல் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்,
பிரம்படிக்குக் கை நீட்டப் போகிறவன் மாதிரி.
பதினாறை முடித்ததும் நான் கூப்பிட்டேனாம்,
டார்ச் எடுத்து வரச் சொல்லி.
திரும்பி வந்து பதினெட்டில் தொடங்கியிருக்கிறான்.

ஆமாம், கூப்பிட்டேன்.
டார்ச் என் பையிலேயேதான் இருந்தது.

ஆறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது.

"என்னுது," என்றேன்.

அழுத்தத்தை இறக்கினோம்.
டேக் பகதூர் ஸ்பேனரை நீட்டினான்,
யார் வாங்குகிறார்கள் என்று பார்க்காமலே.
விடிவதற்குள் முள் ஏறி அங்கேயே நின்றது.
ரிப்போர்ட்டில் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்.
என் பெயர் நீளமானது,
அது மட்டுமே கொள்ளும்.

அடுத்த வியாழன் ரோடெல் என்னை உள்ளே விட்டான்.
நடுவில் அல்ல, ஓரத்தில்.
முதல் பந்து எனக்கும் குல்ஸாருக்கும் இடையே வந்தது,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்,
இரண்டு பேரும் மோதிக்கொண்டோம்.
லாரிக்காரன் சிரித்துச் சிரித்து
ஹாரனில் சாய்ந்துவிட்டான்.